ஆஷ்லி பிளம்ட்ரி ஏன் நைஜீரியாவுக்கு ஆடுகிறார்?

ஐரோப்பாவில் பிறந்து, அங்குள்ள இளையோர் அணிகளில் ஆடிவிட்டு, பிறகு அப்பாவின் நாட்டுக்கோ தாத்தாவின் நாட்டுக்கோ ஆடப் போகிறவர்களைப் பற்றி ஒரு பேச்சு எப்போதும் தயாராக இருக்கும். "அங்கே இடம் கிடைக்கவில்லை, அதான் இங்கே வந்துவிட்டார்." நைஜீரிய மகளிர் கால்பந்து அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் ஆஷ்லி பிளம்ட்ரியைப் பற்றியும் இப்படிச் சொன்னவர்கள் உண்டு. எனக்கு இந்தப் பேச்சு ஏற்புடையதாக இல்லை. அவர் எந்தச் சூழலை விட்டு எந்தச் சூழலுக்கு வந்தார், வந்த பிறகு என்னவெல்லாம் தாங்கினார் என்று பார்த்தால், இரண்டாம்பட்சத் தேர்வு என்று சொல்ல மனம் வராது.

பிளம்ட்ரி 1998 மே 8 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தவர். அப்பாவின் அப்பா நைஜீரியர். குடும்பத்தின் மற்ற வேர்கள் இங்கிலாந்தில். லெஸ்டர், வெளிநாடுகளிலிருந்து வந்தவர்கள் நிறைந்த ஊர். 1972-இல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் விரட்டியடித்த இந்திய வம்சாவளியினரில் ஆயிரக்கணக்கானோர் குடியேறிய ஊர் அது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தனித்த பெரும்பான்மை இனம் என்று எதையுமே சொல்ல முடியாத நகரமாகிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில்கூட, பிளம்ட்ரியைப் பார்த்த மாத்திரத்தில் நைஜீரியத் தொடர்பு இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். வெளிர் நிறம், வெளிர் கூந்தல். அந்தத் தோற்றமே பின்னாளில் அவர் திரும்பத் திரும்பப் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாயிற்று.

சின்ன வயதிலேயே லெஸ்டர் சிட்டியின் பெண்கள் பிரிவில் சேர்ந்தார். நாட்ஸ் கவுன்டிக்கும் ஆடினார். இங்கிலாந்தின் 15 வயதுக்குட்பட்டோர் அணியில் தொடங்கி 19 வயதுக்குட்பட்டோர் அணிவரை படிப்படியாக வந்தார். அதன் பிறகு, அந்தத் தலைமுறை ஆங்கிலேயப் பெண்கள் பலர் எடுத்த முடிவையே அவரும் எடுத்தார்: அமெரிக்கக் கல்லூரி. தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டே, 2016 டிசம்பரில், அந்த அணி தேசிய சாம்பியன் ஆனது. இறுதி ஆட்டத்தில் வெஸ்ட் வர்ஜீனியாவை 3-1 என்று வென்றது. அந்த வெஸ்ட் வர்ஜீனியா அணியில் இரண்டு கனடாக்காரர்கள் இருந்தார்கள், கடீஷா புக்கானனும் ஆஷ்லி லாரன்ஸும். ஏழு ஆண்டு கழித்து ஒரு உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் இதே இருவர் பிளம்ட்ரிக்கு எதிரே நின்றார்கள். மகளிர் கால்பந்தின் உலகம் அவ்வளவு சிறியது.

அமெரிக்கக் கல்லூரி என்றதும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இந்தக் கதையின் பாதி அதில்தான் இருக்கிறது. 1972-இல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம், அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்றது. அதன் விளைவாகக் கல்லூரிகளில் பெண்கள் விளையாட்டுக்கு உதவித்தொகையும் பயிற்சியாளர்களும் மைதானங்களும் வந்தன. நூற்றுக்கணக்கான கல்லூரி அணிகள் உருவாகின. ஆனால் அமெரிக்கத் தேசிய அணி உலகக் கோப்பைக்குக் கொண்டுபோவது 23 பேரைத்தான். மீதிப் பேர் எங்கே போவார்கள்? அவர்களில் நைஜீரியக் குடும்பங்களின் மகள்களும் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் ஆப்பிள் வேலியில் பிறந்த மிஷெல் அலோஸி, அதே மாநிலத்தில் வளர்ந்த இஃபியோமா ஒனுமோனு, அலபாமாவின் பர்மிங்காமில் பிறந்த டோனி பெய்ன், அவர் தங்கை நிக்கோல் பெய்ன். இவர்கள் எல்லாரும் கல்லூரிக் கால்பந்தில் தேறி, பெற்றோரின் நாட்டுக்கு ஆட வந்தவர்கள். ஒரு நாட்டின் கல்விச் சட்டம் இன்னொரு கண்டத்துத் தேசிய அணியின் வரிசையை மாற்றியிருக்கிறது.

பிளம்ட்ரி 2019-20 சீசனில் ஊர் திரும்பி, மறுபடி லெஸ்டர் சிட்டியில் சேர்ந்தார். அப்போது அது இரண்டாம் நிலை லீகில் ஆடிய அணி. 2020-இல், ஆண்கள் அணியை நடத்தும் தாய்லாந்து நிறுவனமான கிங் பவர் மகளிர் அணியையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. முழுநேரத் தொழில்முறை அணியானது. மறு ஆண்டே இரண்டாம் நிலை லீகை வென்று முதல் நிலையான மகளிர் சூப்பர் லீகுக்கு ஏறியது. பிளம்ட்ரி அங்கே சென்டர் பேக், அதாவது நடுத் தற்காப்பு. 2022-23 சீசனில் கிறிஸ்துமஸ் வரை லெஸ்டர் லீகில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. புதிதாக வந்த பயிற்சியாளர் வில்லி கர்க்கின் கீழ் இரண்டாம் பாதியில் எழுந்து, கீழே இறங்காமல் தப்பியது. தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் தற்காப்பு ஆடுவது எப்படிப்பட்ட வேலை என்பது, வாரா வாரம் அதைச் செய்தவர்களுக்குத்தான் தெரியும். முன்கள ஆட்டக்காரருக்குத் தோல்வியிலும் ஒரு நல்ல ஷாட் மிஞ்சும். டிஃபெண்டருக்கு வாங்கிய கோல்களின் கணக்குதான் மிஞ்சும்.

இந்த லெஸ்டர் காலத்தின் நடுவில்தான் நாடு மாறும் முடிவு வந்தது.

இது எப்படிச் சாத்தியம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு நாட்டுக்கு ஆடிவிட்டு இன்னொரு நாட்டுக்கு ஆட முடியுமா? முடியும், வரம்புக்கு உட்பட்டு. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, முதலில் அந்த நாட்டின் குடியுரிமை வேண்டும். அப்புறம் அந்த நாட்டோடு உண்மையான ஒரு தொடர்பு வேண்டும்: அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரில் ஒருவரோ தாத்தா பாட்டியில் ஒருவரோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பல ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். பிளம்ட்ரிக்கு வழிவிட்டது தாத்தா.

இளையோர் அணிக்கு ஆடியது ஆயுள் முழுக்கக் கட்டிப்போடாது என்ற நிலை 2004-இல் வந்தது, ஆனால் 21 வயதுக்குள் மாறிக்கொள்ள வேண்டும் என்ற வரம்போடு. 2009-இல் பஹாமாஸின் நசாவ் நகரில் கூடிய ஃபிஃபா மாநாடு அந்த வயது வரம்பை எடுத்துவிட்டது. 2020 செப்டம்பரில் இன்னும் கொஞ்சம் தளர்த்தி, 21 வயதுக்கு முன் மூத்தோர் அணிக்கு அதிகபட்சம் மூன்று ஆட்டங்கள் ஆடியவர்களும் சில நிபந்தனைகளோடு ஒரு முறை மாறலாம் என்றார்கள். இந்த மூன்றாவது தளர்வு பிளம்ட்ரிக்குத் தேவைப்படவே இல்லை. அவர் இங்கிலாந்தின் மூத்தோர் அணிக்கு ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. 2022 ஜனவரியில் ஃபிஃபாவின் அனுமதி கிடைத்தபோது அவருக்கு வயது 23.

ஒரு முறைதான் மாற முடியும் என்பது முக்கியம். 23 வயதில், சூப்பர் லீக் அணி ஒன்றின் தற்காப்பில் ஊன்றி நின்றுகொண்டிருந்தவர், இங்கிலாந்தின் கதவைத் தன் கையாலேயே சாத்திவிட்டு வந்தார். அதுவும் எப்போது? அதே 2022 கோடையில் ஐரோப்பியக் கோப்பை இங்கிலாந்தில் நடக்கவிருந்த நேரத்தில். அந்தக் கோப்பையை இங்கிலாந்து வென்றது, வெம்ப்ளியில் 87,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில். அந்த அணியில் பிளம்ட்ரிக்கு இடம் கிடைத்திருக்குமா என்றால், அநேகமாக இல்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் 23 வயது டிஃபெண்டருக்கு இன்னும் பத்தாண்டு ஆட்டம் மிச்சமிருக்கிறது. காத்திருப்பது ஒன்றும் முட்டாள்தனமாக இருந்திருக்காது.

பிப்ரவரி 2022-இல் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் ஐவரி கோஸ்ட்டுக்கு எதிரான தகுதிச்சுற்றில் முதன்முதலாகப் பச்சை ஜெர்சி அணிந்தார். தாத்தாவின் பக்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசையும் இந்த முடிவில் இருந்தது என்று பேட்டிகளில் அவர் மறைக்காமல் பேசியிருக்கிறார். தன்னைப் பார்த்தால் நைஜீரியர் என்று யாருக்கும் தோன்றாது என்பதையும் அவரே வெளிப்படையாகப் பேசுகிறார். அதை அவர் சமாளித்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. நானும் உங்களில் ஒருத்தி என்று முதல் நாளே உரிமை கொண்டாடவில்லை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கூட ஆடுகிறவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளும் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டார்.

இங்கே அவர் ஒரு டிஃபெண்டர் என்பது பெரிய விஷயம். வெளியிலிருந்து வரும் முன்கள ஆட்டக்காரர் தன் வேகத்தாலோ காலின் வித்தையாலோ ஒரு கோல் போட்டால் போதும், அன்றைக்கே எல்லாரும் ஏற்றுக்கொள்வார்கள். தற்காப்பு அப்படியில்லை. நால்வர் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் முன்னேறும்போது மற்ற மூவரும் அதே நொடியில் முன்னேற வேண்டும். ஒருவர் ஒரு அடி பின்தங்கினாலும் எதிரணிக்காரர் ஆஃப்சைட் ஆகாமல் கோலை நோக்கி ஓடிவிடுவார். பந்து தலைக்கு மேல் வரும்போது யார் எழும்புவது, யார் பின்னால் காப்பது, கோல்கீப்பர் கத்தினால் யார் விட்டுக்கொடுப்பது, எல்லாம் பழகிப் பழகித்தான் வரும். நைஜீரியா போன்ற அணிக்கு ஆண்டில் சில வாரங்கள்தான் பயிற்சி முகாம் கிடைக்கும். ஒருத்தி இங்கிலாந்திலிருந்து வருவாள், ஒருத்தி டெக்சாஸிலிருந்து, ஒருத்தி ஸ்பெயினிலிருந்து, இன்னொருத்தி உள்நாட்டு லீகிலிருந்து. இரண்டு மூன்று நாள் சேர்ந்து பயிற்சி செய்துவிட்டு ஆட்டத்தில் இறங்க வேண்டும். இந்த நிலைமையில் லெஸ்டரில் நடுவில் ஆடியவரை நைஜீரியா நடுவிலும் ஆட வைத்தது, இடது ஓரத்திலும் ஆட வைத்தது. இடம் மாறினால் பார்வையே மாறிவிடும். நடுவில் நிற்பவருக்கு ஆட்டம் முழுவதும் கண்ணுக்கு முன்னால் விரியும். இடது ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு, மறுபக்கம் எதிரணியின் வேகமான விங் ஆட்டக்காரர்.

அவர் வந்து சேர்ந்த அணி எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். சூப்பர் ஃபால்கன்ஸ் என்று அழைக்கப்படும் நைஜீரிய மகளிர் அணி, 1991 முதல் நடந்த எல்லா மகளிர் உலகக் கோப்பைகளிலும் ஆடியிருக்கிறது. 1998 முதல் நடக்கும் ஆப்பிரிக்க மகளிர் கோப்பையை 2018-க்குள் ஒன்பது முறை வென்றிருந்தது. ஆப்பிரிக்காவில் இதற்குப் பக்கத்தில்கூட வேறு அணி கிடையாது. அதே அணிதான் தன் சம்பளத்துக்காக மீண்டும் மீண்டும் உட்கார்ந்து போராட வேண்டியிருந்த அணியும். 2004-இல் தென்னாப்பிரிக்காவில் கோப்பையை வென்ற பிறகு, போனஸ் வரும்வரை ஓட்டலை விட்டு நகர மாட்டோம் என்றார்கள். 2016-இல் வென்றுவிட்டு வந்து, பணம் கேட்டு அபுஜாவில் நாடாளுமன்றம் வரை ஊர்வலம் போனார்கள். 2019 உலகக் கோப்பையில் ஜெர்மனியிடம் தோற்று வெளியேறிய பிறகும் பிரான்ஸில் ஓட்டலில் உட்கார்ந்தார்கள்.

பிளம்ட்ரியின் முதல் பெரிய தொடர் 2022 ஜூலையில் மொராக்கோவில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை. முதல் ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவிடம் 1-2 தோல்வி. காலிறுதியில் கேமரூனை 1-0 என்று வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். அரையிறுதி ரபாத்தில், போட்டியை நடத்திய மொராக்கோவுக்கு எதிராக. பார்வையாளர்கள் 45,562 பேர், அதுவரை ஆப்பிரிக்க மகளிர் கால்பந்து கண்டிராத கூட்டம். நைஜீரியாவின் இருவர் அடுத்தடுத்துச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, ஒன்பது பேரோடு கூடுதல் நேரம் முழுக்கத் தாக்குப்பிடித்து, பெனால்டி ஷூட்அவுட்டில் 4-5 என்று தோற்றார்கள். அதற்கடுத்த நாட்களில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்துக்கு முன் நிலுவைப் பணத்துக்காகப் பயிற்சியைப் புறக்கணித்தார்கள். ஜாம்பியாவிடம் தோற்று நான்காம் இடம்.

சூப்பர் லீகில் முறையான சம்பளமும் நல்ல பயிற்சி மைதானமும் மருத்துவக் குழுவும் உள்ள அணியிலிருந்து வந்தவருக்கு முதல் தொடரிலேயே கிடைத்த அனுபவம் இது. இந்தக் கட்டத்தில் விலகியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் விலகவில்லை.

2023 உலகக் கோப்பைக்கு முன்னும் இதே கதைதான். அணியின் பயிற்சியாளர், அமெரிக்கரான ராண்டி வால்ட்ரம், தனக்குப் பல மாதச் சம்பளம் வரவில்லை என்றும் போட்டிக்கு முந்தைய முகாம் ரத்தானது என்றும் நைஜீரியக் கால்பந்துக் கூட்டமைப்பை வெளிப்படையாகச் சாடினார். அந்த முறை ஃபிஃபா ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் குறைந்தது 30,000 டாலர், அடுத்த சுற்றுக்குப் போனால் 60,000 டாலர் என்று தனித்தனியாக ஒதுக்கியிருந்தது. உலகின் பல அணிகளுக்கு இது கூடுதல் வருமானம். நைஜீரிய ஆட்டக்காரர்களுக்கோ, கைக்கு வந்துசேரும் என்று கணக்கு வைக்க முடிந்த பணம் இது.

இவ்வளவு குழப்பத்தோடு ஆஸ்திரேலியாவில் இறங்கிய அணி என்ன செய்தது? முதல் ஆட்டம் ஒலிம்பிக் சாம்பியன் கனடாவுடன். கோல்கீப்பர் சியமாகா நடோஸி கனடாவின் கிறிஸ்டின் சின்கிளேரின் பெனால்டியைத் தடுக்க, 0-0. இரண்டாவது, போட்டியை நடத்திய ஆஸ்திரேலியாவுடன், பிரிஸ்பேனில். முதலில் கோல் வாங்கி, பிறகு மூன்று கோல் போட்டு, 3-2 வெற்றி. அதில் இரண்டாவது கோலைப் போட்டது தற்காப்பின் ஒசினாச்சி ஒஹாலே. கோல் கம்பத்தை ஒட்டிப் பாய்ந்து, உதை வாங்கிக்கொண்டே தலையால் தள்ளிய கோல் அது. மூன்றாவது அயர்லாந்துடன் 0-0. வலது ஓரத்தில் அலோஸி, நடுவில் ஒஹாலேயும் ஒலுவதோசின் டெமெஹினும், இடது ஓரத்தில் பிளம்ட்ரி. இந்த நால்வருக்கும் நடோஸிக்கும் பின்னால் வலையில் விழுந்தது மூன்று ஆட்டங்களில் இரண்டே கோல். கனடா வெளியேறியது, நைஜீரியா அடுத்த சுற்றுக்குப் போனது.

அடுத்த சுற்றில் எதிரே வந்தது இங்கிலாந்து.

2023 ஆகஸ்ட் 7, பிரிஸ்பேன், நம் நேரத்துக்கு மதியம் 1 மணி. இங்கிலாந்தின் பயிற்சியாளர் சரினா வீக்மன் அந்தத் தொடரின் நடுவில் பின்னால் மூவரை நிறுத்தும் முறைக்கு மாறியிருந்தார். அதில் வலது ஓரம் முழுக்க லூசி பிரான்ஸ் என்ற ஆட்டக்காரரின் பொறுப்பு. அதாவது பிளம்ட்ரியின் நேர் எதிரில் லூசி. அந்த ஓரத்தை மட்டும் தனியாகக் கவனித்துப் பார்த்தால் இந்தக் கட்டுரை சொல்ல வருவது புரிந்துவிடும். லூசியின் அம்மா ஆங்கிலேயர், அப்பா போர்ச்சுகீசியர். போர்ச்சுகலுக்கும் ஆடத் தகுதி உள்ளவர். இளவயதில் போர்ச்சுகல் அவரைக் கேட்டும் பார்த்தது. அவர் இங்கிலாந்தோடு நின்றார், 2020-இல் ஃபிஃபாவின் உலகின் சிறந்த மகளிர் ஆட்டக்காரர் விருதைப் பெற்ற முதல் டிஃபெண்டர் ஆனார். இருவரும் இங்கிலாந்தில் வளர்ந்தவர்கள், இருவரும் டிஃபெண்டர்கள், இருவருக்கும் இரண்டு நாடுகள் வீட்டுக்குள்ளேயே இருந்தன. ஒருவர் தங்கினார், ஒருவர் மாறினார். லூசி தங்கியதற்கு யாரும் அவரிடம் விளக்கம் கேட்பதில்லை.

17-ஆவது நிமிடம். பெனால்டி பெட்டிக்கு வெளியே பந்து பிளம்ட்ரிக்கு வந்தது. யோசிக்காமல் அடித்தார். கோல்கீப்பர் மேரி இயர்ப்ஸைத் தாண்டிய பந்து, குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. ஒரு சாண் கீழே போயிருந்தால், லெஸ்டரில் பிறந்தவர் இங்கிலாந்துக்கு எதிராக உலகக் கோப்பை நாக்அவுட்டில் போட்ட கோலாக அது இருந்திருக்கும்.

அன்று நைஜீரியாதான் நன்றாக ஆடியது. இதை நான் மட்டும் சொல்லவில்லை, ஷாட்களின் எண்ணிக்கையிலும் நைஜீரியாதான் முன்னால். இரண்டாம் பாதியில் உச்சென்னா கானுவின் தலையடியும் கம்பத்தில் பட்டது. இங்கிலாந்துக்குக் கொடுக்கப்பட்ட ஒரு பெனால்டியை வீடியோ நடுவர் உதவியால் திரும்பப் பெற்றார்கள். 87-ஆவது நிமிடத்தில், கீழே விழுந்த அலோஸியின் முதுகில் மிதித்த லாரன் ஜேம்ஸ் சிவப்பு அட்டை வாங்கினார். பத்துப் பேராகச் சுருங்கிய இங்கிலாந்து கூடுதல் நேரத்தை ஓட்டிவிட்டு ஷூட்அவுட்டுக்குப் போனது. இங்கிலாந்தின் முதல் உதையை ஜார்ஜியா ஸ்டான்வே வெளியே அடித்தார். அந்த நொடியில் நைஜீரியா வென்றுவிடும் என்றே தோன்றியது. ஆனால் நைஜீரியாவின் முதல் இரண்டு உதைகளும் உள்ளே போகவில்லை. கடைசியில் குளோயி கெல்லி அடித்து முடித்தார், 4-2. இங்கிலாந்து இறுதிவரை போனது. நைஜீரியா, நான்கு ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல் வீடு திரும்பியது. ஷூட்அவுட் கணக்குப் புத்தகத்தில் டிரா என்றுதான் பதிவாகும்.

ஆட்டம் முடிந்த சில நாட்களிலேயே, 2021-இலிருந்து தரப்படாத முகாம் படிகளையும் போனஸையும் பெற்றுத்தருவதற்கு உதவுவதாக உலக ஆட்டக்காரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோ அறிக்கை விட்டது.

இன்னொரு பக்கத்து வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் வளர்ந்தவர்கள் வந்தால், உள்நாட்டு லீகில் மேடு பள்ளமான மைதானத்தில் ஆடி வளர்ந்த பெண்ணின் இடம் போகிறதே என்று நைஜீரியாவிலேயே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு எடை இருக்கிறது. 2023-இல் 40 வயதில் தன் ஆறாவது உலகக் கோப்பைக்கு வந்த ஒனோமே எபியும் ஒரு டிஃபெண்டர்தான், லாகோஸில் பிறந்தவர். ஆறு உலகக் கோப்பைகளுக்குப் போன முதல் ஆப்பிரிக்கர் அவர். துருக்கி, ஸ்வீடன், பெலாரூஸ், சீனா என்று நாடு நாடாகப் போய் ஆடிப் பிழைத்தவர். அலோஸிக்கும் பிளம்ட்ரிக்கும் பல்கலைக்கழகமே கட்டிக்கொடுத்த உடற்பயிற்சிக் கூடமும் மருத்துவரும் எபிக்கு அந்த வயதில் கிடையாது. அவருக்குப் பின்னால் வரும் பெண்களுக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

ஆனால் இந்தக் குறையை ஏற்படுத்தியது பிளம்ட்ரி அல்ல. உள்நாட்டு லீகுக்குப் பணம் ஒதுக்காதவர்கள், முகாமை ரத்துசெய்தவர்கள், படியைக் கொடுக்காதவர்கள் வேறு. வெளியில் வளர்ந்தவர்கள் வந்ததால் அந்தக் கூட்டமைப்பு உள்நாட்டில் ஆள் தயார்செய்யும் வேலையைத் தள்ளிப்போட முடிகிறது என்றால், தட்டிக்கேட்க வேண்டியது கூட்டமைப்பைத்தான். இன்னொன்றையும் பார்க்கிறேன். 2023-இல் பணப் பிரச்சினையைப் பற்றி உலகமே கேட்கும்படி பேச்சு எழுந்ததில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆட்டக்காரர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள் என்று நேரில் அறிந்தவர்கள் அணியில் இருந்ததற்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கணிப்பு. போராட்டத்தைத் தொடங்கியவர்கள் அவர்கள் இல்லை. 2004-இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் ஒப்பிட்டுச் சொல்ல ஆள் கூடியது.

அந்த உலகக் கோப்பை முடிந்த கையோடு பிளம்ட்ரி இன்னொரு முடிவெடுத்தார், அதற்கும் வசை வாங்கினார். 2023 செப்டம்பரில் சவூதி அரேபியாவின் ஜெத்தாவைச் சேர்ந்த அல் இத்திஹாத் அணியில் சேர்ந்தார். சவூதியின் மகளிர் பிரீமியர் லீக் 2022-இல்தான் தொடங்கியது. மனித உரிமைக் குறைகளை மறைக்க விளையாட்டைப் பயன்படுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு அந்நாட்டின் மீது இருக்கிறது, அது பொய்க் குற்றச்சாட்டும் அல்ல. சூப்பர் லீகின் தரத்தை விட்டுப் புதிய லீகுக்குப் போனது ஆட்டத்துக்கு நல்லதா என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. தற்காப்பு ஆட்டக்காரர் கூர்மையாக இருக்க வாரா வாரம் நல்ல முன்கள வீராங்கனைகளை எதிர்கொள்ள வேண்டும். அதேசமயம், கால்பந்து ஆட இப்போதுதான் வழி திறந்திருக்கும் நாட்டில் வளரும் சிறுமிகளுக்கு நேரில் பார்க்க ஒரு ஆட்டக்காரர் கிடைப்பதையும் சும்மா தள்ளிவிட முடியவில்லை. இந்த விஷயத்தில் அவர் பக்கம் முழுதாக நிற்கவும் என்னால் முடியவில்லை, எதிர்ப்பக்கம் நிற்கவும் முடியவில்லை.

2025 ஜூலையில் ஆப்பிரிக்கக் கோப்பை மறுபடி மொராக்கோவில் நடந்தது. பயிற்சியாளர் இப்போது நைஜீரியரான ஜஸ்டின் மடுகு. பிளம்ட்ரி அணியில் இருந்தார். அந்தத் தொடரில் நைஜீரியாவின் தற்காப்பைத் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம். முதல் சுற்றில் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோலும் வாங்கவில்லை. காலிறுதியில் ஜாம்பியாவை 5-0 என்று நொறுக்கினார்கள். அதில் இரண்டு கோல்கள் ஒஹாலே, டெமெஹின் என்ற இரண்டு நடுத் தற்காப்பு ஆட்டக்காரர்கள் போட்டவை. அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் வாங்கிய ஒரே கோலும் பெனால்டி. ஆட்டம் 1-1 என்று இழுத்துக்கொண்டே போக, கடைசி நிமிடங்களில் அலோஸி தூரத்திலிருந்து தூக்கி அடித்த பந்து, யாருமே தொடாமல் உள்ளே போனது. கால்பந்தோடு ஹூஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் புற்றுநோய் ஆய்வகத்திலும் வேலை பார்த்தவர் அலோஸி. அவரும் வெளிநாட்டில் வளர்ந்த டிஃபெண்டர்தான்.

ஜூலை 26, ரபாத், இறுதி ஆட்டம், எதிரே மறுபடி மொராக்கோ. 24 நிமிடத்துக்குள் மொராக்கோ 2-0. அதுவரை அந்த ஒரு பெனால்டியைத் தவிர கோலே வாங்காத தற்காப்பு சின்னாபின்னமாகிவிடும் போலிருந்தது. இரண்டாம் பாதியில் 64-ஆவது நிமிடத்தில் எஸ்தர் ஒகோரோன்க்வோ பெனால்டியில் ஒன்று, 71-இல் ஃபோலஷாடே இஜாமிலூசி ஒன்று, 88-இல் ஜெனிஃபர் எச்செகினி ஒன்று. 3-2. பத்தாவது கோப்பை. முதல் கோலைப் போட்ட ஒகோரோன்க்வோ நைஜீரியாவில் பிறந்து டெக்சாஸில் வளர்ந்தவர். வெற்றி கோலைப் போட்ட எச்செகினி நெதர்லாந்தில் பிறந்தவர். நடுவில் கோல் போட்ட இஜாமிலூசி உள்நாட்டு லீகிலிருந்து எழுந்து வந்தவர்.

ஊர் திரும்பிய அணியை நைஜீரிய அதிபர் போலா டினுபு வரவேற்று, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 1,00,000 டாலரும் ஒரு வீடும் தேசிய விருதும் அறிவித்தார். வாங்க வேண்டியதுதான், முழுத் தகுதியோடு வாங்கினார்கள். ஆனால் 2004-இலிருந்து இந்தப் பெண்கள் கேட்டுக்கொண்டிருப்பது இதைவிடச் சின்னது: தினப்படி அந்தந்த வாரமே வர வேண்டும், தொடருக்கு முன் ஒழுங்கான முகாம் நடக்க வேண்டும், ஆடிய ஆட்டத்தின் போனஸுக்காக ஓட்டல் அறையில் உட்கார்ந்திருக்கக் கூடாது. அடுத்த உலகக் கோப்பை 2027-இல் பிரேசிலில். அப்போது பிளம்ட்ரிக்கு 29 வயது, ஒரு டிஃபெண்டர் தன் ஆட்டத்தின் உச்சத்தில் இருக்கும் வயது.